விட்டுச்சென்ற பலகைகள்

மலைநாட்டுப் பிள்ளைகளுக்குச் சறுக்குவதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கமுக மட்டையில் ஒருவரை இருத்தி மற்றவர் இழுப்பதும், தேயிலைத் தோட்டத்துப் புல்மேட்டில் கடதாசி அட்டையைப் போட்டுக் கீழே போவதும் எங்கள் பெற்றோர் காலத்திலேயே இருந்தவை. எண்பதுகளில் பேராதனையில் நான் வளர்ந்தபோது அவற்றோடு பெயாரிங் வண்டியும் சேர்ந்திருந்தது. கராஜில் கழித்துப் போட்ட பெயாரிங்குகளைக் கேட்டு வாங்கி, இரண்டு குறுக்குக் கட்டைகளின் முனைகளில் இறுக்கி, மேலே ஒரு பலகை அடித்தால் வண்டி தயார். முன்கட்டை ஒற்றை ஆணியில் திரும்பும். அதன் இரண்டு முனைகளிலும் கட்டிய கயிறுதான் சுக்கான். ரப்பர் செருப்புத்தான் பிரேக். அப்பா பல்கலைக்கழகத்தில் வேலை செய்ததால் கலஹா வீதிப் பக்கத்து ஒழுங்கைகள் எங்களுக்கு நல்ல பழக்கம். தாரில் இரும்புச் சில்லு உரசும் சத்தம் வளைவுக்கு அப்பாலேயே கேட்கும். பெரியவர்கள் அதைக் கேட்டே ஒதுங்கி நிற்பார்கள்.

தம்பியோடு நானும் ஓட்டினேன், ஒரு வயது வரைக்கும். அதற்குப் பிறகு பெண்பிள்ளைகள் மேட்டில் நின்று பார்ப்பவர்களானோம். இப்போது கண்டியில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். உராய்வு, உந்தம், திருப்பம் என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் அந்த வண்டிதான் எனக்கு உதாரணம். இன்றைய மாணவர்கள் அதைவிட ஸ்கேட்போர்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். தொலைபேசியில் பார்த்த வெளிநாட்டு விளையாட்டு, நமக்குச் சம்பந்தமில்லாதது என்பது அவர்கள் எண்ணம். அதன் வரலாற்றைத் தேடிப் படிக்கப் படிக்க எனக்குத் தெளிவானது வேறு. இந்த விளையாட்டை உலகெங்கும் கொண்டுபோனதில் கடைகளைவிடப் பயணிகளுக்குப் பெரிய பங்குண்டு. எவரோ ஒருவர் வந்தார். தம் பலகையை இன்னொரு பிள்ளையின் காலடியில் வைத்துவிட்டுப் போனார். எங்கே அந்தப் பிள்ளைக்கு ஒரு துண்டுச் சீமெந்துத் தரையும் கிடைத்ததோ, அங்கே விளையாட்டு வேரூன்றியது.

தொடக்கம் கடலில். 1950களில் கலிபோர்னியாவின் அலைச்சறுக்கு இளைஞர்கள், அலை எழாத நாட்களில் தெருவில் சறுக்குவதற்காகப் பலகைக்கு அடியில் உருளைச் சப்பாத்தின் சில்லுகளைப் பூட்டினார்கள். 1963இல் ஹெர்மோசா பீச்சில் முதல் போட்டி நடந்தது. 1965இல் 'லைஃப்' சஞ்சிகையின் அட்டையில் ஒரு பெண் ஓடும் பலகைமேல் தலைகீழாக, கைகளால் நின்றார். அவர் பட்டி மெக்கீ, அமெரிக்காவின் முதல் தேசியப் பெண் சாம்பியன். பெண்களுக்கு இது புதிதாகத் திறந்துவிடப்பட்ட கதவு என்று சொல்பவர்களிடம் அந்த அட்டைப் படத்தைத்தான் நான் காட்டுவேன். ஆனால் அந்த அலை சீக்கிரம் அடங்கிவிட்டது. அன்றைய சில்லுகள் களிமண் கலவையால் ஆனவை. கடினமானவை, தரையைப் பிடிக்காதவை. சிறு கல் ஒன்று தட்டுப்பட்டாலும் சில்லு நின்றுவிடும், ஆள் மட்டும் அதே வேகத்தில் முன்னே போவார். நியூட்டனின் முதலாம் விதியை இதைவிட வலியோடு கற்பிக்க முடியாது. காயங்கள் பெருக, பல நகரங்கள் தடை போட்டன.

மீட்டுக்கொண்டு வந்தது ஒரு இரசாயனப் பொருள். பிராங்க் நாஸ்வர்தி என்ற இளைஞர் வர்ஜீனியாவில் ஒரு தொழிற்சாலையில் பொலியூரித்தேன் சில்லுகளைக் கண்டார். எழுபதுகளின் தொடக்கத்தில் அவற்றைக் 'கடிலாக்' என்ற பெயரில் ஸ்கேட்போர்டுக்காக விற்கத் தொடங்கினார். பொலியூரித்தேன் பாரத்தில் சற்று அமுங்கும். அமுங்குவதால் சிறு கல்லை விழுங்கிக்கொண்டு உருளும். பக்கவாட்டில் தரையைப் பிடிக்கும், வளைவில் வழுக்காது. இன்றைய பலகையில் சாதாரணமாக ஏழு அடுக்கு மேப்பிள் மரமும், ஏறக்குறைய 52 மில்லிமீற்றர் விட்டமுள்ள நான்கு சில்லுகளும், சில்லுக்கு இரண்டாக எட்டுப் பெயாரிங்குகளும் இருக்கும். பெயாரிங்கின் வெளிவிட்டம் 22 மில்லிமீற்றர், உள்துளை 8. எங்கள் வண்டியில் பெயாரிங்கே சில்லாகவும் இருந்தது. அதைச் சுற்றி ஒரு மென்மையான வளையம் போட்டதுதான் கலிபோர்னியா கண்ட வித்தியாசம்.

1976, 77இல் அங்கே கடும் வறட்சி. வீட்டு நீச்சல் குளங்கள் வற்றின. வற்றிய குளத்தின் வளைந்த சீமெந்துச் சுவர் சாந்தா மொனிக்கா இளைஞர்களுக்கு அலையாகத் தெரிந்தது. செஃபிர் என்ற அலைச்சறுக்குக் கடையின் அணியில் இருந்த அவர்கள் அலையில் குனிவதைப் போலவே சுவரிலும் குனிந்து ஏறினார்கள். அந்த அணியின் ஒரே பெண் பெகி ஓகி. அதே பத்தாண்டின் இறுதியில் புளோரிடாவில் அலன் கெல்ஃபாண்ட், கையால் பிடிக்காமலே பலகையோடு மேலெழும் 'ஒல்லி'யைக் குளச்சுவரில் செய்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் ரொட்னி மலன் அதைச் சமதரைக்குக் கொண்டுவந்தார். பின்கால் பலகையின் வாலை அடிக்கிறது. வால் தரையில் மோத, தரையின் எதிர்விசை பலகையை எழுப்புகிறது. முன்கால் மேற்பரப்பின் உராய்வைப் பிடித்து மேலே இழுத்துப் பலகையைச் சமப்படுத்துகிறது. மூன்றாம் விதியும் உராய்வும் திருப்பமும் ஒரே விநாடிக்குள் நடக்கின்றன. இதை விளக்கும்போது கடைசி வாங்கும் நிமிர்ந்து உட்காரும்.

இசை இந்தக் கதையில் தொடக்கம் முதலே உண்டு. 1964இல் ஜான் அண்ட் டீன் இரட்டையர், தெருச்சறுக்கைப் பற்றி ஒரு பாட்டை வெளியிட்டார்கள். அதன் மெட்டு பீச் போய்ஸ் குழுவின் கடற்பாட்டு ஒன்றிலிருந்து வந்தது. விளையாட்டு கடலிலிருந்து தெருவுக்கு வந்தபோது மெட்டும் கூடவே வந்துவிட்டது. எண்பதுகளில் 'திராஷர்' சஞ்சிகை, ஸ்கேட்டர்களே வாசித்த பங்க் இசையைக் கசட்டுகளாகத் தொகுத்து வெளியிட்டது. 1999இல் புகழ்பெற்ற ஸ்கேட்டர் டோனி ஹோக் பெயரில் வந்த கணினி விளையாட்டு, அந்தப் பாட்டுகளைப் பலகையையே காணாத பிள்ளைகளின் காதுக்கும் கொண்டுபோனது. இரண்டாயிரத்தின் முதல் ஆண்டுகளில் கண்டியிலும் கணினிக் கடைகளில் பையன்கள் அதை ஓட்டினார்கள். விசைப்பலகையில் ஒல்லி அடித்தவர்கள் பலர். காலால் அடித்துப் பார்க்க ஒரு பலகை கிடைத்தவர் எனக்குத் தெரிந்து எவருமில்லை.

நம் பக்கத்துக் கரைகளில் கதை வேறு வழியில் போனது. சென்னைக்குத் தெற்கே, கோவளம் மீனவக் கிராமத்தில் மூர்த்தி மேகவன் என்ற இளைஞர், இரண்டாயிரங்களின் முற்பகுதியில் யோத்தம் அகாம் என்ற இஸ்ரேலிய ஒலிப்பொறியாளர் கடலில் அலைச்சறுக்குவதைக் கண்டார். அகாம் தம் பலகையை அவருக்கு ஓட்டக் கொடுத்தார். அந்த அகாம்தான் சென்னையில் 'எர்த்சிங்' இசை நிறுவனத்தில் இருந்து, 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட கரைகளின் நாட்டார் இசையைப் பதிவுசெய்த 'லயா புரொஜெக்ட்' படத்தின் பின்னால் நின்றவர்களில் ஒருவர். இந்தியா, இலங்கை, மாலைதீவு, இந்தோனேசியா, மியன்மார், தாய்லாந்து என்று அந்தப் பதிவுக் குழு போனது. ஒரு கரையில் பலகையைப் பகிர்ந்தவரே, பல கரைகளின் பாட்டைச் சேர்த்துக்கொண்டு வந்தவர்களிலும் ஒருவர். மூர்த்தி, தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு மீனவப் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்குப் பள்ளி நடத்தினார். 2013இல் அங்கே அலைச்சறுக்கும் இசையும் யோகாவும் சேர்ந்த விழா தொடங்கியது.

அதே 2013இல் பெங்களூரில் ஹோலிஸ்டோக்ட் என்ற ஸ்கேட்போர்ட் குழுவோடு பல நாட்டு ஸ்கேட்டர்கள் கூடி, மண் வெட்டி, சீமெந்து குழைத்து, எவரும் காசில்லாமல் ஓட்டக்கூடிய ஒரு பூங்காவைக் கட்டினார்கள். அந்த நகரத்தின் அதிதா வர்கீஸ் 2015இல் 'கேர்ள் ஸ்கேட் இந்தியா'வைத் தொடங்கிப் பெண்பிள்ளைகளை ஒன்றுகூட்டினார். 2016இல் பிரித்தானியாவின் வைல்ட் பீஸ்ட்ஸ் இசைக்குழுவின் பாட்டொன்றுக்கு இந்தியப் பெண் ஸ்கேட்டர்களை வைத்துக் காணொளி எடுத்தார் இயக்குநர் சாஷா ரெயின்போ. அந்தப் பாட்டுத்தான் அவரை மாமல்லபுரத்து மீனவச் சிறுமி கமலி மூர்த்தியிடம் கொண்டுபோய்விட்டது. கமலியிடம் அப்போது ஒரு பலகை இருந்தது, அமெரிக்க ஸ்கேட்டர் ஜேமி தோமஸ் மாமல்லபுரம் வந்தபோது கொடுத்தது. வெள்ளைச் சட்டையில் வெறுங்காலோடு சரிவில் இறங்கும் அவளுடைய படத்தை டோனி ஹோக் பகிர, உலகம் பார்த்தது. 'கமலி' குறும்படம் 2020இல் பிரித்தானிய பாஃப்டா விருதுக்குப் பரிந்துரையானது. அப்படம் கமலியை மட்டும் காட்டவில்லை. தனியாக நின்று பிள்ளைகளை வளர்க்கும், ஊர்ப்பேச்சைக் கேட்டும் மகளைத் தடுக்காத தாய் சுகந்தியையும் காட்டியது. கமலி பின்னர் கடலுக்கும் போனாள்; இன்று அலைச்சறுக்குப் போட்டிகளில் அறியப்பட்ட பெயர்.

அதே 2020இல் பாஃப்டாவின் அந்தக் குறும்படப் பிரிவில் விருதை வென்ற படம் காபூல் பெண்பிள்ளைகளைப் பற்றியது. 2007இல் ஒலிவர் பெர்கோவிச் என்ற அவுஸ்திரேலியர் மூன்று பலகைகளோடு காபூலுக்குப் போனார். தெருப்பிள்ளைகள் சூழ்ந்தார்கள், அதிலிருந்து பிறந்ததுதான் 'ஸ்கேட்டிஸ்தான்'. பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதைச் சமூகம் ஏற்காத நகரத்தில், பலகைக்கு எவரும் இன்னும் தடை சொல்லியிருக்கவில்லை. வழக்கம் எழுதப்படுவதற்கு முன்பே அவர்கள் ஏறிவிட்டார்கள். 2021இல் ஆட்சி மாறியதும் அங்கே அந்த வாசல் மூடியது. மூன்று பலகைகளால் எவ்வளவு திறக்கும், எவ்வளவு விரைவாக மூடப்படும் என்பதற்குக் காபூலே சாட்சி.

தமிழ்நாட்டுக் கோயில் யாத்திரை ஒன்றில் மாமல்லபுரம் போனபோது நான் கடற்கரையோரத்தில் நெடுநேரம் நின்றேன். ஒரே பலகையைப் பிள்ளைகள் முறைவைத்து ஓட்டினார்கள். வால் தேய்ந்து அடுக்குகள் தெரிந்தன. விழுந்த சிறுமியைத் தூக்கிவிட எவரும் ஓடவில்லை; அவள் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, தன் முறை முடியவில்லை என்று வாதாடினாள். எங்கள் ஒழுங்கையில் நான் மேட்டில் நின்ற வயதுதான் அவளுக்கு. இழந்தது வண்டி அல்ல, அந்த வாதாடும் உரிமை என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த உரிமையை விதியாகவே எழுதிவைத்த ஊரும் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஜன்வார் கிராமத்தில் உல்ரிகே ரைன்ஹார்ட் என்ற ஜேர்மன் பெண்மணி 2015இல் ஒரு சீமெந்துப் பூங்காவைத் திறந்தார். அங்கே இரண்டு விதிகள்: பள்ளிக்கூடம் போகாவிட்டால் பலகை இல்லை, பெண்பிள்ளைகளுக்கே முதலிடம். சாதியால் பிரிந்திருந்த பிள்ளைகள் ஒரே தரையில் ஓட நேர்ந்தது. அந்தக் கிராமத்து ஆஷா கோண்ட் 2018இல் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவுக்காக நின்றார். மூன்று ஆண்டுகள் கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்ட் முதன்முதலாக இடம்பெற்றபோது, பெண்கள் தெருப் போட்டியில் தங்கம் வென்ற மொமிஜி நிஷியாவுக்கு வயது 13.

இலங்கையிலும் வேர் கடற்கரையில்தான் இருக்கிறது. அறுகம்பைக்கு அலை தேடி வெளிநாட்டவர் வரத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அவர்களைப் பார்த்தே உள்ளூர் இளைஞர்கள் கற்றார்கள். 2018இல் அங்கே நாட்டின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் அமைந்தது. மலைக்கு வரும் பயணிகளோ புகையிரதத்தில் ஏறி எல்லவுக்குப் போகிறார்கள், தலதா மாளிகையைப் பார்க்கிறார்கள், பேராதனைப் பூங்காவில் நடக்கிறார்கள். எவரும் இங்கே பலகையை விட்டுச்செல்வதில்லை. விட்டுச்சென்றாலும் ஓட்ட இடமில்லை. 52 மில்லிமீற்றர் சில்லுக்குச் சொரசொரத்த தார் பகை. கொழும்பு வீதியில் பஸ்கள். ஈரத் தரையில் பொலியூரித்தேனின் பிடி குறையும், பேராதனையிலோ இரண்டு பருவக்காற்றிலும் மழை கொட்டும்.

பள்ளத்தாக்கைக் கெடுக்காமல் இளைஞர்களுக்காக ஒரு ஊரைத் திட்டமிட முடியும் என்பதை இந்த இடமே ஒருமுறை காட்டியிருக்கிறது. பற்றிக் அபர்குரொம்பியும் கிளிஃபர்ட் ஹொலிடேயும் வரைந்த திட்டத்தில், ஷர்லி டி அல்விஸ் கட்டிய வளாகத்துக்கு 1952இல் பல்கலைக்கழகம் வந்தபோது, சரிவுகளை வெட்டித் தள்ளாமல் அவற்றின்மேலேயே வீதிகளும் விடுதிகளும் எழுந்தன. அதோடு ஒப்பிட்டால் நான் கேட்பது மிகச் சிறியது. ஒரு கரப்பந்து மைதான அளவில், கரணையால் தேய்த்துப் பளபளப்பாக்கிய சீமெந்துத் தரை. ஒரு பக்கம் தாழ்ந்த சரிவு. மேலே தகரக் கூரை. பூட்டி வைக்க ஒரு பெட்டி, அதில் முறைவைத்து ஓட்டச் சில பலகைகள். சுவரில் ஜன்வாரின் இரண்டு விதிகளையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதவேண்டும். நகரில் படிக்கும் பிள்ளையும் தோட்டத்து லயத்திலிருந்து வரும் பிள்ளையும் அங்கே ஒரே பலகைக்கு முறை கேட்கட்டும்.

மேடும் சில்லும் கூச்சமற்ற துணிவும் இந்தப் பிள்ளைகளிடம் எப்போதும் இருந்தன. பிற ஊர்களில் அந்நியர் வந்து பலகையைத் தந்தார்கள். பேராதனையில் தரையைத் தரவேண்டியவர்கள் நாங்கள், இங்கேயே வளர்ந்து, இங்கேயே சம்பளம் வாங்கி, இங்கேயே வாக்களிக்கும் பெரியவர்கள். அடுத்த வரவுசெலவுத் திட்டம் போடும் உள்ளூராட்சி மன்றத்திடம் இந்தக் கோரிக்கையை என் மாணவிகள் தங்கள் கையெழுத்திலேயே எழுதிக்கொடுக்கப் போகிறார்கள். தரையின் அளவையும் சரிவின் கோணத்தையும் அவர்களே கணக்கிட்டிருக்கிறார்கள்.