லயன் சுவரின் சுண்ணாம்பு

இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுதான் லயன். அதன் சுவரில் காயும் சுண்ணாம்புக்கு மூன்று பிறவி. முதற்பிறவியில் அது கல். பலாங்கொடை, மாத்தளைப் பக்கம் வெட்டும் சுண்ணக்கல்லைச் சூளையில் அடுக்கி, ஏறக்குறைய 900 பாகை செல்சியஸில் சுடுவார்கள். கரியமில வாயு கழன்று போக, தூய கல் 100 கிலோவில் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். ஹிக்கடுவைக் கரையில் பவளப்பாறையையே உடைத்துச் சூளைக்கு அனுப்பினார்கள். 1981இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் 1988இல் வந்த திருத்தமும்தான் அதற்குத் தடை போட்டன.

மூட்டையாகத் தோட்டத்துக்கு வந்ததும் இரண்டாம் பிறவி. தண்ணீர் பட்டவுடன் புகைந்து கொதித்து நீறிவிடும். சுவரில் பிடிக்க உப்போ கஞ்சியோ கலப்பார்கள். பளிச்சென்று தெரியக் கொஞ்சம் நீலம் போடுவார்கள். சுண்ணாம்பின் காரம் கிருமியைக் கொல்லும், பூஞ்சணத்தைத் தடுக்கும். இரத்தினபுரி மழையில் நனைந்து ஊறும் சுவருக்கு அது நல்ல மருந்துதான்.

ஆனால் அந்த மருந்தை வைத்தே நோயை மறைக்கவும் முடிந்தது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்துக் கட்டடங்களைச் சுகாதாரமாக வைத்திருக்கும் பொறுப்பைத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் ஒப்படைத்தது. பார்வையிட வருகிறவர் கண்ணில் முதலில் படுவது சுவர். ஒரு குடும்பம் வாழும் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவை, அந்த லயன் அறையை, பெருப்பிக்கக் காசு வேண்டும். பூசி மெழுகச் சுண்ணாம்பு போதும்.

மூன்றாம் பிறவி சுவரில். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி அது மறுபடியும் கல்லாகிறது. ஆனால் எதையும் தாங்காத, தாள் கனத்துக் கல். 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயன் மீது மலை சரிந்து உயிர்களைக் கொண்டுபோனது. அந்தச் சரிவுக்கு முன்னால் எந்தப் பூச்சு நிற்கும்?

1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசு எடுத்தது; 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. சுவருக்குப் பொறுப்பானவர்கள் மாறினார்கள். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு வீடும் காணியும் சொந்தமாகவில்லை. 2023இல், மலையகத் தமிழர் இங்கு வந்து 200 ஆண்டுகளானதை மேடை போட்டு நினைவுகூர்ந்தோம். அந்தப் பேச்சுகளும் ஒரு கை வெள்ளைதானா என்பதைக் காணி உறுதிதான் சொல்ல வேண்டும்.

வெள்ளையடிப்பது குற்றமல்ல. வீட்டுக்குப் பதிலாக வெள்ளையடிப்பதுதான் குற்றம். சரியாத நிலத்தில் வீட்டையும், கையில் உறுதியையும் கொடுங்கள். சுவருக்கு என்ன நிறம் என்பதை அந்த வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்.