என்டி டொமைன் இடமாற்றம்

விண்டோஸ் என்டி 4.0 டொமைனில் இயங்கிய சர்வர்களையும் கணக்குகளையும், விண்டோஸ் 2000 அறிமுகப்படுத்திய ஆக்டிவ் டைரக்டரி டொமைனுக்குக் கொண்டுசெல்லும் பணி. இருவகைப்படும்: இருக்கும் டொமைனையே தரம் உயர்த்துதல், புதிதாக ஒன்றை நிறுவி அதற்கு மாறுதல். முதல் வகையில் முதன்மைக் கட்டுப்பாட்டு சர்வரே முதலில் உயர்த்தப்படும். அதனுடன் ஒத்திசைத்த துணைக் கட்டுப்பாட்டு சர்வர் ஒன்றை முன்னதாகவே வலையமைப்பிலிருந்து கழற்றி வைப்பது வழக்கமாக இருந்தது. பணி கெட்டால் பழைய டொமைனை அதிலிருந்து மீட்கலாம். இரண்டாம் வகையில் கணக்குகளுக்குப் புதிய பாதுகாப்பு அடையாள எண் கிடைப்பதால் பழைய கோப்பு அனுமதிகள் செல்லாமற்போகும். பழைய எண்ணையும் கணக்கோடு சேர்த்துவைக்கும் ‘சிட் ஹிஸ்டரி’ இதைத் தவிர்க்கிறது. டொமைனைக் கட்டுப்படுத்தாத உறுப்புச் சர்வர்கள் புதிய டொமைனுக்கு எளிதில் மாறும். என்டி 4.0 கட்டுப்பாட்டு சர்வரோ, மறுபடி நிறுவாமல் வேறு டொமைனில் சேராது. இரண்டாம் வகையின் தொல்லைகளில் இது ஒன்று. என்டி 4.0 சர்வருக்கான ஆதரவு 2004 இறுதியில் முடிந்தது.