சர்க்கரைக்கு நம்பர் போட்ட கதை

நம்ம ஊர்ல "கால்ல புண்ணு வந்து சீழ் வெச்சு போயிட்டாரு"ன்னுதான் சொல்வோம். "சர்க்கரையால போயிட்டாரு"ன்னு சொல்றது அபூர்வம். இதே குழப்பம் உலகத்துக்கே இருந்திருக்கு மக்களே. அதைத் தீர்க்கத்தான் வியாதிகளுக்கு நம்பர் போட்டிருக்காங்க.

ஆரம்பம் 1893. பாரீஸ் நகரப் புள்ளியியல் அதிகாரி ழாக் பெர்டியோன், சாவுக்கான காரணங்களைப் பட்டியல் போட்டு சிகாகோவில் வெச்சார். (குற்றவாளிகளை உடம்பு அளவை வெச்சு அடையாளம் கண்ட அல்போன்ஸ் பெர்டியோன் இவரோட தம்பிதான்!) 1900-ல் முதல் சர்வதேசத் திருத்தம். 1948-ல் உலக சுகாதார நிறுவனம் பொறுப்பெடுத்த ஆறாவது திருத்தத்துலதான் உயிரோட இருக்கறவங்க வியாதிகளும் முழுசா உள்ளே வந்தது.

எனக்கு முக்கியமாப் படறது அப்போ வந்த இன்னொரு விதி. கடைசியா கொன்னது எதுங்கறதை விட, எல்லாத்தையும் ஆரம்பிச்சு வெச்சது எதுங்கறதைத்தான் கணக்குல எடுக்கணும். சான்றிதழ்ல மேல் வரியில செப்சிஸ், அதுக்குக் காரணம் காலில் அழுகல், அதுக்குக் காரணம் டைப் 2 சர்க்கரைன்னு டாக்டர் வரிசையா எழுதினா, பத்தாவது திருத்தப்படி அந்தச் சாவு 'ஈ11' என்கிற டைப் 2 சர்க்கரைக் கணக்குல ஏறும். வெறும் செப்சிஸ்னு எழுதி விட்டா 'ஏ41'. சர்க்கரை காணாமப் போயிடும்!

ஒன்பதாவது திருத்தத்துல (1975) ஒரே பிரச்சினைக்கு ரெண்டு நம்பர் போடற வழியும் வந்தது. மூல வியாதிக்குக் கத்திக்குறி, அதோட விளைவுக்கு நட்சத்திரக்குறி.

ஆஸ்பத்திரி ஃபைல்கள்ல அமெரிக்கா 2015 அக்டோபர் 1 வரைக்கும் சர்க்கரைக்கு 250-ஐயே பிடிச்சுக்கிட்டிருந்தது. அதுக்கப்புறம் சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க ஃபைல்களுக்குக் கோடிங் பண்ற நம்ம பசங்க, டைப் 2 கால் புண்ணுக்கு 'ஈ11.621' போட்டு, புண் எந்த இடம், எவ்வளவு ஆழம்னு சொல்ல 'எல்97', சீழ்ல ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமின்னா 'பி95'னு அடுக்கறாங்க. 2022 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த பதினோராவது திருத்தத்துல டைப் 2-வோட நம்பர் '5ஏ11'.

நம்பர் எத்தனை தடவை மாறினாலும் டாக்டர் எழுதற அந்த வரிசைதான் எல்லாம். எண்ணிக்கையில வராத சாவுக்கு எந்த அரசாங்கம் காசு ஒதுக்கும்? கால் புண் சிகிச்சைக்குத் தனிப் பிரிவு வேணும்னா, முதல்ல அந்தச் சாவெல்லாம் சர்க்கரைன்னு பதிவாகணும்.

கோடிங் பண்ற நண்பர்களே, உங்க ஃபைல்கள்ல டாக்டர்கள் இந்த வரிசையை எழுதறாங்களா? பின்னூட்டத்துல சொல்லுங்க.