நிறம் போச்சு, விஷம் போச்சா?

நம்ம நத்தம் பக்கம் வேப்பமரத்துக்குப் பஞ்சமே இல்ல. அந்த வேப்பிலைச் சாற்றை வச்சே 2004-ல புனே தேசிய வேதியியல் ஆய்வகத்துல முரளி சாஸ்திரி குழு வெள்ளி, தங்க நானோ துகள்களை உருவாக்கினாங்க. வெள்ளி அயனியை உலோகமா மாத்துறது இலைச்சாறுதான்.

அப்புறம் இந்த மாதிரித் துகள்களைச் சாயத்தண்ணியில போட்டுப் பார்க்கிற ஆய்வுகள் குவிஞ்சது. தேவையும் இருந்துச்சு: நொய்யல் ஆறு கெட்டதால 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு.

ஆனா பல சோதனைகள்ல நிறத்தைப் போக்குறது கூடவே சேர்க்கிற சோடியம் போரோஹைட்ரைடு. துகள் வெறும் வினையூக்கி. அசோ சாயம் அப்படி உடைஞ்சா நிறமில்லாத அமீன்கள் வரலாம். அதுல சிலது புற்றுநோய் உண்டாக்கும். தண்ணி தெளிஞ்சிருச்சுன்னு காட்டினா, உள்ள என்ன மிச்சம்னு கேளுங்க.