பசிக்கென விதைத்த பொது வயல்கள்

கனடாவின் மானிட்டோபா, சஸ்காட்செவான், ஆல்பர்ட்டா மாகாணங்களில் விளையும் கோதுமையில் ஒரு சிறு பங்கு எந்த உழவர் வீட்டுக் கணக்கிலும் சேர்வதில்லை. அக்கம்பக்கத்து உழவர்கள் ஒன்றுகூடி ஒரு வயலை விதைத்து, ஒன்றுகூடி அறுத்து, விற்ற பணத்தை வெளிநாடுகளில் பட்டினி கிடப்போருக்கு அனுப்புகிறார்கள். இந்த ஏற்பாட்டை நடத்துவது வின்னிபெக் நகரிலுள்ள கனடா உணவுதானிய வங்கி.

இதன் வேர் உக்ரைனில் இருக்கிறது. ரஷ்யப் புரட்சியும் உள்நாட்டுப் போரும் வறட்சியும் அடுத்தடுத்துத் தாக்கியதில், அங்கே தலைமுறைகளாக உழுதுவந்த மென்னோனைட் கிறிஸ்தவர்கள் பஞ்சத்தில் விழுந்தனர். அவர்களுக்கு உதவ 1920இல் அமெரிக்காவில் மென்னோனைட் மத்தியக் குழு தோன்றியது. 1922இல் அது கஞ்சித்தொட்டிகளைத் திறந்தது. உழவு குதிரைகள் போரில் பறிபோயிருந்ததால் 50 டிராக்டர்களையும் கப்பலில் அனுப்பியது. பசியாற்றுவதோடு நில்லாமல் அடுத்த போக விதைப்புக்கும் வழிசெய்த இந்த முன்யோசனையைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அந்தப் பஞ்சத்தில் பிழைத்தவர்களில் பலர் 1920களில் கனடாவின் சமவெளிகளில் குடியேறினர்.

1970களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதி வறண்டது; 1974இல் வங்கதேசத்தைப் பஞ்சம் வாட்டியது; உலகச் சந்தையில் தானிய விலை எகிறியது. அதே ஆண்டு நவம்பரில் ரோம் நகரில் உலக உணவு மாநாடு கூடியது. நல்ல விளைச்சல் ஆண்டில் உழவர் தானியத்தைச் சேமித்து வைத்தால் பஞ்ச காலத்தில் எடுத்துக் கொடுக்கலாம் என்ற யோசனையுடன், 1976இல் கனடா மென்னோனைட்டுகள் ஓர் உணவு வங்கியைச் சோதனையாகத் தொடங்கினர். 1983இல் மற்றத் திருச்சபைகளும் சேர்ந்துகொள்ள, அது கனடா உணவுதானிய வங்கி ஆயிற்று. இன்று அதில் 15 திருச்சபை அமைப்புகள் இருக்கின்றன.

தனித்தனியே மூட்டை கொடுப்பதைவிடப் பொது வயல் என்ற முறையே இயக்கத்தை ஊர்களுக்குள் ஆழமாகக் கொண்டுசென்றது. ஒருவர் நிலம் தருவார், அல்லது குழுவே குத்தகைக்கு எடுக்கும். விதை, உரம், களைக்கொல்லி ஆகியவற்றை உள்ளூர்க் கடைக்காரர்கள் இலவசமாகவோ விலை குறைத்தோ தருவார்கள். மே மாதம் விதைப்பு. கோதுமை, பார்லி, கனோலா, பட்டாணி என அந்தந்த மண்ணுக்கு ஏற்ற பயிர். கோடை முடிவில் நாள் குறித்ததும், தங்கள் சொந்த வயல் அறுவடைக்குக் காத்திருக்கும்போதே உழவர்கள் இயந்திரங்களோடு வந்துவிடுவார்கள். பல இயந்திரங்கள் வரிசைகட்டி இறங்கினால் பெரிய வயலும் சில மணி நேரத்தில் வெறுந்தாளாகிவிடும். லாரிகள் தானியத்தைக் கிடங்குக்குக் கொண்டுசெல்ல, வந்தவர்கள் வயலோரத்தில் சேர்ந்து சாப்பிடுவார்கள். நிலமில்லாத நகரவாசிகளும் ஏக்கர் கணக்கில் செலவை ஏற்றுக் கூட்டுச் சேர்வதுண்டு.

கனடா அரசு ஒரு வரம்புவரை, மக்கள் தரும் ஒரு டாலருக்கு நான்கு டாலர் சேர்த்துக் கொடுக்கிறது. ஆனால் அரசுப் பணத்தோடு நெடுங்காலம் ஒரு நிபந்தனையும் வந்தது: உணவில் 90 சதவீதம் கனடாவில் விளைந்ததாக இருக்க வேண்டும். கடல் கடந்து தானியம் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். கப்பல் கூலியே உதவித் தொகையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். போய் இறங்கும் இடத்திலோ, விளைந்ததை விற்க முடியாமல் அந்நாட்டுச் சிறு விவசாயி நிற்கக்கூடும். ஆகவே உணவைப் பஞ்சப் பகுதிக்கு அருகிலேயே வாங்க அனுமதிக்கும்படி வங்கி அரசை வற்புறுத்தியது. தங்கள் தானியத்துக்குச் சாதகமான விதியைத் தளர்த்தச் சொன்னது உழவர்களின் உழைப்பில் நிற்கும் ஓர் அமைப்பு என்பதே இவ்வரலாற்றின் உயர்ந்த கட்டம். 2005இல் அந்த அளவு 50 சதவீதமாகக் குறைந்தது. 2008இல் நிபந்தனை முற்றிலும் நீங்கியது.

அதன்பின் பொது வயலின் தானியம் பெரும்பாலும் உள்ளூரிலேயே விலையாகி, பணமாகப் பயணப்படுகிறது. அவசர உணவோடு வேளாண் பயிற்சிக்கும் அது செலவாகிறது. 2015இல் எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில், உழவைக் குறைத்து மூடாக்கிட்டு மண்ணின் ஈரம் காக்கும் சாகுபடி முறையைச் சிறு விவசாயிகளிடையே பரப்பும் திட்டத்தை வங்கி தொடங்கியது.