இருபத்தாறா, இருபதா? ஒரு துப்பாக்கிக் குழாய்ச் சண்டையும் கொஞ்சம் வரலாறும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. துப்பாக்கி, வேட்டைன்னாலே ஆகாதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம். எனக்கும் கரப்பான்பூச்சியை அடிக்கவே பக்கத்து ரூம் ஆளைக் கூப்பிடணும். ஆனா கதை பிடிச்சுப்போச்சு, என்ன பண்றது :-)

கொலராடோவில் ஆன்சைட்ல இருந்தப்போ என் டீம்ல ஒரு அமெரிக்க நண்பர். சொந்த ஊர் மாநிலத்தோட கிழக்குப் பக்கம், கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் தட்டையான புல்வெளி. அவங்க அப்பா அங்க மாட்டுத் தீவனத்துக்கு ஆல்ஃபால்ஃபா போடுறார். அந்த வயல்ல ப்ரெய்ரி டாக் தொல்லை. பேர்லதான் நாய், அது அணில் குடும்பம். வளை தோண்டி, கூட்டமா குடியிருந்து, பயிரைத் தின்னும்.

நண்பர் இதுக்காக புதுசா ஒரு ரைஃபிள் வாங்கப் போனார். .223 தோட்டா, 20 அங்குலக் குழாய்னு முடிவு பண்ணிட்டார். அப்பாவுக்கு வந்துச்சு பாருங்க கோபம். "குட்டைக் குழாய் நேரா சுடாது. 26 அங்குலம் இல்லைன்னா அது துப்பாக்கியே இல்ல." பெரியவர்கிட்ட இருந்தது அவரோட அப்பா வாங்கின வின்செஸ்டர் மாடல் 70, .220 ஸ்விஃப்ட், 26 அங்குலம். மகன் குட்டையா வாங்குறதை அந்தத் தாத்தாவுக்கே செய்ற அவமரியாதையா எடுத்துக்கிட்டார். ரெண்டு மாசம் போன்ல பேச்சு வார்த்தையே சரியில்ல. கடைசியில நண்பர் என்கிட்ட வந்து, "நீதான் எல்லாத்தையும் எக்ஸெல்ல போடுவியே, இதையும் போட்டுச் சொல்லு"ன்னார். மெரினாவுல பலூன் சுட்டதைத் தவிர துப்பாக்கி தொடாதவன்கிட்ட!

தேட ஆரம்பிச்சதும் முதல்ல ஞாபகம் வந்தது எங்க ஊர் சந்தைக்கு வர்ற நரிக்குறவர்கள் தோள்ல இருந்த நாட்டுத் துப்பாக்கி. அப்போ அது என் உயரத்தைவிட அதிகம். ஏன் அவ்வளவு நீளம்? பதில் கரிமருந்துல இருக்கு. கரிமருந்து எரிஞ்சா அதுல பாதிக்கும் குறைவான எடைதான் வாயுவாகும், மீதி புகையும் கசடும். அந்தத் தள்ளல்ல முடிஞ்சவரைக்கும் வேகத்தைப் பிழிஞ்சு எடுக்க நீளக் குழாய் உதவும். 18-ஆம் நூற்றாண்டுல பென்சில்வேனியாவில் குடியேறின ஜெர்மன் கொல்லர்கள் செஞ்ச ரைஃபிள்களுக்கு 40 அங்குலத்துக்கு மேல குழாய். இன்னொரு காரணமும் உண்டு. டெலஸ்கோப் இல்லாத துப்பாக்கியில பின்னாடி ஒரு பள்ளம், நுனியில ஒரு மேடு, ரெண்டையும் ஒரே கோட்டுல வச்சுக் குறி பார்க்கணும். ரெண்டுக்கும் நடுவுல தூரம் கூடக்கூட குறி பிசகுறது குறையும். ஆக அந்தக் காலத்துல "நீளமா இருந்தா நேரா சுடும்"ங்கிறது பொய்யே இல்ல, அனுபவ உண்மை.

அப்புறம் ரெண்டு காரணமும் ஒண்ணொண்ணா போயிடுச்சு. 1884-ல பிரான்ஸ்ல பால் வியெய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடிச்சார். அதுக்கப்புறம் ராணுவங்கள் குழாயை வெட்ட ஆரம்பிச்சாங்க. அமெரிக்காவுல அதுவரைக்கும் காலாட்படைக்கு 30 அங்குலம், குதிரைப்படைக்கு 22 அங்குலம்னு ரெண்டு க்ராக் துப்பாக்கி இருந்துச்சு. 1903 ஸ்ப்ரிங்ஃபீல்டு வந்ததும் எல்லாருக்கும் ஒரே 24. பிரிட்டிஷ்காரங்க 30 அங்குல லீ-என்ஃபீல்டை 25 ஆக்கினாங்க. நம்ம ஊர் போலீஸ்காரங்க ரொம்ப வருஷம் தோள்ல மாட்டியிருந்த .303 அந்த வம்சம்தான். அது வந்தப்போ இலக்குச் சுடுறதுல பேர் போனவங்க "குட்டை, உருப்படாது"ன்னு குதிச்சாங்க. பதிலுக்கு வேற துப்பாக்கி தயாராகிட்டிருக்கும்போதே 1914-ல போர் வந்துடுச்சு. உருப்படாததே ரெண்டு உலகப்போரையும் பார்த்துச்சு. கொலராடோ பெரியவர் பேசினதும் அதே டயலாக்தான், என்ன, நூறு வருஷம் லேட்.

டெலஸ்கோப் பரவலானதும் ரெண்டாவது காரணமும் காலி. ரெண்டு லென்ஸுக்கும் குழாய் நீளத்துக்கும் என்ன சம்பந்தம்? காரணம் போன பிறகும் நம்பிக்கை மட்டும் போகல.

இப்போ 'வார்மின்ட்' கதைக்கு வரேன். பயிரைக் கெடுக்கிற, கோழியைத் தூக்குற சின்னப் பிராணிகளை அமெரிக்க கிராமத்துல இப்படித்தான் சொல்வாங்க, 'வெர்மின்'ங்கிற ஆங்கில வார்த்தையோட பட்டிக்காட்டு உச்சரிப்பு. இதுக்கான துப்பாக்கிக்கு வேண்டியது பலம் இல்ல. சின்ன குண்டு, அதிக வேகம், நேர்கோடு மாதிரி ஒரு பாதை. 1920-கள்ல ஸ்ப்ரிங்ஃபீல்டு ஆயுதசாலையைச் சுத்தி டவுன்சென்ட் வீலன், க்ரோவ்னர் வாட்கின்ஸ் மாதிரி ராணுவ அதிகாரிகள் ஓய்வு நேரத்துல இதை நோண்டிக்கிட்டிருந்தாங்க. 1885-ல வந்த .22 டபிள்யூசிஎஃப்ங்கிற பழைய தோட்டாவுல புது மருந்தைப் போட்டு .22 ஹார்னெட் ஆக்கினாங்க. 1930-ல வின்செஸ்டர் இந்தத் தோட்டாவை விற்க ஆரம்பிச்சப்போ அதைச் சுட கம்பெனித் துப்பாக்கி ஒண்ணுகூட இல்ல! ஹார்டுவேர் வர்றதுக்கு முன்னாடி டிரைவர் ரிலீஸ் பண்ண மாதிரி. வாங்கினவங்க வேற துப்பாக்கியைத் திருத்திச் சுட்டாங்க.

1935-ல வின்செஸ்டர் .220 ஸ்விஃப்டைக் கொண்டுவந்துச்சு. 48 கிரெய்ன் குண்டு, விநாடிக்கு 4,110 அடி. கடையில வாங்குற தோட்டாவுல 4,000-ஐத் தாண்டின முதல் தோட்டா அது. அதே காலத்துல .250 சாவேஜ் தோட்டாவோட கழுத்தை நெரிச்சு .22 குண்டு வச்ச கைவேலைத் தோட்டா ஒண்ணு 'வார்மின்டர்'ங்கிற பேர்ல சுத்திக்கிட்டிருந்துச்சு. 1965-ல ரெமிங்டன் அதை .22-250 ஆக்கினப்புறம்தான் அதுக்குக் கம்பெனி அந்தஸ்து. நடுவுல 1950-ல ரெமிங்டனோட மைக் வாக்கர் பழசு எதையும் திருத்தாம புதுசாவே வரைஞ்சது .222. சின்னது, சமத்து, போட்டிகள்ல வருஷக்கணக்கா ஜெயிச்சது.

இந்த .222-தான் எனக்குத் தூக்கம் போக வச்சது. 1950-களோட கடைசியில அமெரிக்க ராணுவம் ஒரு லேசான துப்பாக்கி கேட்டுச்சு. நிபந்தனை, 500 கஜத்துல இரும்புத் தொப்பியைத் துளைக்கணும். யூஜின் ஸ்டோனரோட ஏஆர்-15-க்காக .222-ஐ கொஞ்சம் நீட்டினாங்க, அதுதான் .223. வளைக்குள்ள இருந்து எட்டிப் பார்க்கிற பிராணிக்காக வரைஞ்ச தோட்டாவோட வாரிசு, எம்16-ல ஏறி வியட்நாம் போச்சு. 20 அங்குலக் குழாய், 55 கிரெய்ன் குண்டு, விநாடிக்கு சுமார் 3,250 அடி. காட்டுக்குள்ள 20 அங்குலமே நீளம்னு 10 அங்குலத்துக்கு வெட்டிப் பார்த்தாங்க. அவ்வளவு குட்டைக் குழாயில மருந்து எரிஞ்சு முடியிறதுக்குள்ள குண்டு வெளிய போயிடும். தீப்பிழம்பும் சத்தமும் தாங்க முடியாம, வெட்டின நுனியிலயே நாலு அங்குலத்துக்கு மேல ஒரு சாதனத்தைத் திருகி மாட்டினாங்க. வெட்டினதுல பாதியைத் திருப்பி ஒட்டின கதை. நம்ம ப்ராஜெக்ட்லயும் இதெல்லாம் நடக்கும்ல? பின்னாடி வந்த எம்4-ல 14.5 அங்குலம்னு ஒரு சமரசம்.

சரி, எக்ஸெல்ல என்ன வந்துச்சு? குழாய் எவ்வளவு நீளம் வேணும்ங்கிறதை முடிவு பண்றது உள்ள இருக்கிற மருந்து. ஓட்டை எல்லாத்துக்கும் அதே .22 அளவுதான். ஹார்னெட்டுக்கு 12 கிரெய்ன் மருந்து, .223-க்கு 25 சொச்சம், ஸ்விஃப்டுக்கு 40-ஐ ஒட்டி. அதே சின்னக் குழாய் வழியா மூணு மடங்கு வாயு விரியணும்னா இடம் வேணும். அதனால ஸ்விஃப்டுக்கு 26 நியாயம். அதை 20-க்கு வெட்டினா எந்த வேகத்துக்காக அது பிறந்துச்சோ அதையே தொலைச்ச மாதிரி. சாதாரண .22 ரிம்ஃபயரோ 16 அங்குலம் வாக்குலயே மூச்சு வாங்கிடும், அதுக்கு மேல உராய்வுதான். .223 ரெண்டுக்கும் நடுவுல. அங்குலத்துக்கு சுமார் 25 அடி வேகம் குறையும்னு வச்சா, 26-லிருந்து 20-க்கு வந்தா 150 அடி. 200 கஜத்துல குண்டு இறங்குறதுல வித்தியாசம் ஒரு அங்குலம்கூட இல்ல. 400 கஜத்துல காத்து ஒண்ணு ரெண்டு அங்குலம் கூடுதலாத் தள்ளும். அந்தத் தூரத்துல அது முக்கியம்தான், மறைக்கல.

நேரா சுடுமா? இதுக்கு நான் அரியர் வச்ச 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பேப்பர் கைகொடுத்துச்சு. ஒரு பக்கம் பிடிச்ச கம்பியோட நுனியில ஒரே விசையைக் கொடுத்தா, வளைவு நீளத்தோட கனத்துக்கு ஏத்த மாதிரி கூடும். 26-ஐ 20-ஆல வகுத்துக் கனம் போட்டா கிட்டத்தட்ட 2.2. அதே தடிமன்ல 20 அங்குலக் குழாய் ரெண்டு மடங்குக்கு மேல விறைப்பு. சுடும்போது குழாய் அதிரும், அந்த அதிர்வு கம்மியா இருக்கிறது குட்டைக்குத்தான். அப்பா சொன்னது அப்படியே தலைகீழ். கம்பி கதை மட்டுமே துல்லியம் இல்ல, குழாயோட தரம், தோட்டான்னு நிறைய இருக்கு. ஆனா "குட்டைன்னா கோணல்"ங்கிறது நிக்காது.

என் தீர்ப்பு: அப்பாவோட தோட்டாவுக்கு அப்பா சரி, மகனோட தோட்டாவுக்கு மகன் சரி. நண்பர் இந்த ஷீட்டைப் பிரிண்ட் போட்டு தபால்ல அனுப்பினார். பதில் வரல.

ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. கருங்கால் ஃபெரட்னு ஒரு பிராணி, ப்ரெய்ரி டாக்கைத் தின்னுதான் வாழும். ப்ரெய்ரி டாக்குக்கு ஊர் ஊரா விஷம் வச்சதுல அதுவும் போயிடுச்சுன்னே நம்பினாங்க. 1981-ல வயோமிங்ல மீட்டீட்ஸிங்கிற ஊர்ல ஒரு பண்ணை நாய் செத்த ஃபெரட் ஒண்ணைக் கவ்விக்கிட்டு வந்தப்புறம்தான் மிச்சம் இருக்கிறதே தெரிஞ்சது. 1987-க்குள்ள கடைசி 18-ஐப் பிடிச்சு வளர்த்து வம்சத்தைக் காப்பாத்தினாங்க. துப்பாக்கி விஷத்தைவிடப் பரவாயில்லைன்னு நண்பர் சொன்னார். சுடுறவன் எதைச் சுடுறோம்னு பார்க்கவாவது செய்றானாம். பாதி ஒத்துக்கிட்டேன்.

மே மாசம் ஒரு சனிக்கிழமை என்னையும் வயலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பெரியவர் ஷீட்டைப் பத்தி வாயே திறக்கல. பிக்கப் ட்ரக்ல இருந்து இறங்கும்போது அவரோட 26 அங்குலம் கதவு ஃப்ரேம்ல 'டங்'னு இடிச்சுது. ஒரு நிமிஷம் அதைத் தடவிப் பார்த்துட்டு, மகன் கையில இருந்த குட்டையை வாங்கி, 150 கஜத்துல இருந்த பேப்பர்ல அஞ்சு சுட்டார். நடந்து போய்ப் பார்த்தோம். ஒரு ரூபாய் நாணயத்தால மூடிடலாம் போல அஞ்சு ஓட்டை. பேப்பரைக் கிழிச்சு நாலா மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டார். "உங்க தாத்தாவுக்கு இது பிடிச்சிருக்காது"ன்னார் மகன்கிட்ட. அதுக்கப்புறம் மத்தியானம் வரைக்கும் அந்தத் துப்பாக்கியை அவர் திருப்பித் தரல. நண்பர் தாத்தாவோட ஸ்விஃப்டை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். நான் காதுல பஞ்சு அடைச்சுக்கிட்டு ட்ரக்குக்குள்ள.