70 வயதிலும் வேட்டைக்குப் போகும் அமெரிக்கர்கள்... கைகொடுக்கும் குட்டி ட்ரெயில் பைக்: எதுவரை போகலாம்? எங்கே ஆபத்து?

செப்டம்பர் பிறந்தாலே அமெரிக்காவின் ஐடஹோ, கொலராடோ, மொன்டானா மாநிலங்களில் எல்க் மான் வேட்டை சீசன் களைகட்டிவிடும். அங்கே இது அரசு லைசென்ஸ் கொடுத்து, கட்டுப்பாடுகளோடு நடத்தும் விஷயம். இளவயதில் துப்பாக்கியும் முதுகுப்பையுமாக மலையேறியவர்களுக்கு 60, 70 வயதாகும்போது முட்டி ஒத்துழைப்பதில்லை. ஆனால் ஆசை விடுமா? அப்போது பலர் தேடிப் போவது 90 முதல் 200 சிசி வரையிலான குட்டி ட்ரெயில் பைக்குகளை.

ஏன் குட்டி பைக்? அதை வைத்துக் காட்டுக்குள் எதுவரை போகலாம்? பார்க்கலாம்.

வேட்டைக்காரர்களால் பிறந்த பைக்

1958ல் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ரால்ஃப் பான்ஹாம், மலையில் வேட்டைக்குப் போவதற்காக ஒரு சின்ன மோட்டார் வண்டியை உருவாக்கினார். 'டோட் கோட்' என்ற அந்த வண்டிதான் இந்த வகைக்கு முன்னோடிகளில் ஒன்று.

அடுத்து வந்தது ஹோண்டா. 1960 வாக்கில் ஐடஹோவின் பாய்ஸி நகர டீலர் ஒருவர், ஹோண்டா கப் வண்டியில் பெரிய பின் ஸ்ப்ராக்கெட்டும் கட்டை டயரும் மாட்டி விற்க ஆரம்பித்தார். மலைப்பகுதி மக்களிடம் வண்டி பிய்த்துக்கொண்டு போனது. லாஸ் ஏஞ்சலிஸ் டீலர்கள் எல்லோரும் சேர்ந்து விற்றதைவிட அந்த ஒரு கடையில் விற்பனை அதிகம். இதைக் கவனித்த நிறுவனம், 1961ல் 'ட்ரெயில் 50' என்ற மாடலையே கொண்டு வந்தது. அதன் வாரிசுதான் இப்போது விற்கும் 'ட்ரெயில் 125'. இதற்கு கியர் உண்டு, கிளட்ச் லீவர் கிடையாது. நம்ம ஊர் டிவிஎஸ் எக்ஸ்எல் போல முன்பக்கம் காலை எடுத்து வைத்து ஏறலாம், பின்னால் கேரியரில் சுமை கட்டலாம்.

யமஹாவின் டிடபிள்யூ200, இரண்டு சக்கரமும் இழுக்கும் ரோக்கான் ஆகியவையும் வேட்டைக்காரர்களிடம் பிரபலம்.

ஏன் சின்னது?

ஒரே ஒரு கேள்விதான்: விழுந்த பைக்கைத் தனியாகத் தூக்க முடியுமா?

காட்டுப் பாதையில் பைக் சாய்வது சகஜம். பெரிய அட்வென்ச்சர் பைக்குகள் 200 கிலோவைத் தாண்டும். ரோக்கான் சுமார் 100 கிலோ, ட்ரெயில் 125 சுமார் 117 கிலோ, டிடபிள்யூ200 சுமார் 126 கிலோ. சீட்டும் தாழ்வு. சுமார் 80 சென்டிமீட்டர் உயரம்தான் என்பதால் இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டே மெதுவாக நகரலாம். வேகம் குறைவுதான், ஆனால் இங்கே வேகத்துக்கு வேலையே இல்லை.

தூக்குவதற்கும் முறை இருக்கிறது. முதலில் இன்ஜினை அணைக்க வேண்டும். சரிவில் விழுந்திருந்தால், சக்கரங்கள் பள்ளத்தைப் பார்க்கும்படி பைக்கைத் தரையிலேயே திருப்பிக்கொள்ள வேண்டும். வண்டி உருளாமல் பார்த்துக்கொண்டு, இடுப்பைச் சீட்டில் முட்டுக்கொடுத்து, முதுகால் அல்லாமல் காலால் உந்தித் தூக்க வேண்டும்.

பைக்கிலேயே போய் சுடலாமா?

கூடாது. இங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள்.

* 1964ஆம் ஆண்டின் வனப்பகுதிச் சட்டப்படி, 'வில்டர்னஸ்' என்று அறிவிக்கப்பட்ட காடுகளில் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை.

* மற்ற தேசிய வனங்களிலும் இஷ்டத்துக்குப் புகுந்து ஓட்ட முடியாது. 2005ல் வந்த விதிப்படி, வனத்துறை வெளியிடும் வரைபடத்தில் குறிக்கப்பட்ட பாதைகளில்தான் போகலாம்.

* கொலராடோவில் பைக்கில் ரைஃபிளைக் கொண்டுபோனால், தோட்டாக்களை முழுவதுமாக எடுத்துவிட்டு, மூடிய உறைக்குள் வைத்திருக்க வேண்டும்.

* ஐடஹோவின் சில பகுதிகளில், முழு அளவு கார் போகக்கூடிய சாலைகளைத் தாண்டி வேட்டைக்கு வாகனத்தைப் பயன்படுத்தவே தடை. வாகனம் அனுமதிக்கப்பட்ட பாதையாக இருந்தால், வேட்டையாடிய விலங்கை எடுத்து வரவும் கேம்ப் சாமான்களைக் கொண்டு செல்லவும் விலக்கு உண்டு.

நடக்க இயலாத மாற்றுத்திறனாளிகளுக்குச் சில மாநிலங்கள் தனி பெர்மிட் தருகின்றன. வயதாகிவிட்டது என்பது மட்டும் அதற்குப் போதாது.

சட்டத்தை விடுங்கள், மானே விடாது. ஆரேகானின் ஸ்டார்க்கி சோதனை வனத்தில் நடந்த ஆய்வில், நடப்பவர்கள், குதிரையில் போகிறவர்களைவிட நான்கு சக்கர ஏடிவி வண்டிகளைக் கண்டுதான் எல்க் மான்கள் அதிக தூரம் விலகிப் போயின. ஆக, பைக்கைப் பாதையில் நிறுத்திவிட்டுக் கடைசி தூரத்தை நடந்துதான் தீர வேண்டும்.

திரும்பி வருவதுதான் சவால்

வளர்ந்த ஆண் எல்க் மான் சுமார் 300 கிலோ இருக்கும். எலும்பு நீக்கிய இறைச்சியே 70 கிலோவைத் தாண்டலாம். குட்டி பைக்கில் ஒரே நடையில் கட்டினால் முன்சக்கரம் லேசாகி, ஏற்றத்தில் வண்டி பின்னால் கவிழும். பிரித்துப் பல நடையாகக் கொண்டு வருவதுதான் பாதுகாப்பு.

உடம்பையும் பார்க்க வேண்டும். கொலராடோவில் வேட்டை நடக்கும் பல இடங்கள் 8,000 அடிக்கு மேல் இருப்பவை. அங்கே ஆக்சிஜன் குறைவு, இதயத்துக்கு வேலை அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தலையில் லேசாக அடிபட்டாலும் உள்ளே ரத்தக்கசிவு ஏற்படலாம். 'ஒண்ணும் ஆகல' என்று விடாமல் உடனே மருத்துவமனை போக வேண்டும்.

செல்போன் டவர் எட்டாத இடம் என்பதால் சாட்டிலைட் மெசேஞ்சர் அவசியம். அதைப் பைக் பையில் அல்ல, சட்டைப் பையில் வைக்க வேண்டும். பைக் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் விழுந்தால் கைக்கு எட்டுவது அதுதான். எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதும் முக்கியம்.

இந்தியாவில் முடியுமா?

முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி இங்கே பொழுதுபோக்குக்காக வனவிலங்குகளை வேட்டையாடுவது குற்றம். சிறைத் தண்டனை உண்டு.

எப்போது நிறுத்துவது?

பிறந்த வருஷத்தை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. சீசனுக்கு ஒரு மாதம் முன்பு வீட்டு வாசலில் பைக்கைப் படுக்க வைத்து, யார் உதவியும் இல்லாமல் மூன்று முறை தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். முடிந்தால் கிளம்பலாம். முடியவில்லை என்றால் துணையோடு மட்டும் போகலாம், இல்லையென்றால் அந்த வருஷம் கேம்ப்பில் சமையல் பொறுப்பை ஏற்றுக்கொள்ளலாம்.